கத்தியும் கம்பியும் ஒரே மேசையில்



காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் அதைத் திறக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தோலைக் கீறி, குழாயைக் கண்ணால் பார்த்து, அடைப்பை உரித்து எடுப்பது. அல்லது அடைப்பைத் தாண்டி மாற்றுப் பாதை (பைபாஸ்) போடுவது. மற்றது, ஓர் ஊசித் துளை வழியாக மெல்லிய கம்பியை (வயரை) உள்ளே செலுத்தி, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே பலூனால் விரிப்பது, வேண்டுமானால் ஸ்டென்ட் எனும் வலைக்குழாயை வைப்பது. முன்னது அறுவை மருத்துவர்களின் வழி. பின்னது கதிரியக்க மருத்துவர்கள் கண்டுபிடித்த வழி. அரை நூற்றாண்டுக்கும் மேலாக இரு தரப்பும் எது உயர்ந்தது என்று வாதிட்டு வருகிறார்கள். உண்மையிலேயே முற்றிய நோயாளியின் காலுக்கு அந்த வாதம் பொருந்துவதில்லை என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. அவருக்கு அடைப்பு ஒரே இடத்தில் இருப்பதில்லை. இடுப்பில் ஒரு குறுக்கம் இருக்கும். தொடையிடுக்கில் சுண்ணாம்பாக இறுகிய கட்டி இருக்கும். முழங்காலுக்குக் கீழே உள்ள மூன்று குழாய்களில் இரண்டு மூடியிருக்கும். ஒவ்வோர் இடமும் வேறு வேலையைக் கேட்கிறது.

கால் வலி என்று வரும் எல்லோரையும் பற்றி நான் பேசவில்லை. கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைச் சதை இழுத்துப் பிடிக்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது என்பவருக்குப் பெரும்பாலும் கத்தியும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். பீடி சிகரெட்டை அடியோடு விட்டுவிட்டு, ஆஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் எடுத்துக்கொண்டு, வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடக்கும் பயிற்சியைச் சில மாதங்கள் விடாமல் செய்தால் நடக்கும் தூரம் கூடும். நான் பேசுவது அதற்கு அடுத்த கட்டத்துக்குப் போனவரைப் பற்றி.

அவருக்குப் படுத்தால் பாதம் எரியும். காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் கொஞ்சம் ரத்தம் இறங்கி வலி தணியும். ஆகவே இரவெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்வார். தொங்கவிட்டே இருப்பதால் கால் வீங்கிச் சிவந்திருக்கும். வீட்டிலுள்ளவர்கள், “நல்லா செவப்பாத்தானே இருக்கு, ரத்த ஓட்டத்துக்கு என்ன கொறைச்சல்?” என்பார்கள். அதே காலை மேலே தூக்கிப் பிடித்தால் சற்று நேரத்தில் மெழுகாக வெளுத்துவிடும். சர்க்கரை நோயாளிக்கு இந்த எச்சரிக்கைகூடக் கிடைக்காமல் போகலாம். நரம்பு மரத்துப்போனதால் வலி தெரியாது. செருப்பு கடித்த புண் ஆறாமல் விரல் கறுத்த பிறகுதான் அவர் வந்து சேர்வார். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் சொன்னது. அதனால் வலி தெரியாத இந்த வகை நோயாளிதான் நம் மருத்துவமனைகளில் அதிகம்.

அளவாகச் சொன்னால், கணுக்காலில் ரத்த அழுத்தம் 50 மி.மீ.க்குக் கீழே அல்லது கால் விரலில் 30க்குக் கீழே போனால் கால் ஆபத்தில் இருக்கிறது. இதில் ஒரு பொறி உண்டு. சர்க்கரை நோயாளியின் கணுக்கால் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு ஏறி இறுகியிருந்தால் பட்டையைக் கட்டி எவ்வளவு அழுத்தினாலும் அது அமுங்காது. கருவி 180, 200 என்று காட்டும். அதைப் பார்த்து ரத்தம் நன்றாகப் போகிறது என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். விரலில் அளந்தால்தான் குட்டு வெளிப்படும். ரத்த ஓட்டத்தைச் சீராக்காமல் விடப்பட்ட நோயாளிகள் பற்றிய ஆய்வுகளை 2015இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ஓராண்டுக்குள் 22 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். 22 சதவீதம் பேருக்குக் காலை எடுக்க வேண்டிவந்தது. பல புற்றுநோய்களைவிட மோசமான கணக்கு இது. ஆனால் புற்றுநோய் என்றால் பதறுகிற குடும்பம், விரல் கறுத்தால் மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருக்கிறது.

இனி வரலாறு. அடைத்த தமனியைத் திறந்து உள்ளே சுத்தம் செய்யலாம் என்பதை முதலில் காட்டியவர் லிஸ்பன் நகரத்து ஜுவாவோ சித் தோஸ் சாந்தோஸ். ஆண்டு 1946. பெருந்தமனியில் சாயம் செலுத்திப் படமெடுக்கும் முறையை 1929இல் அறிவித்த ரெய்னால்தோ தோஸ் சாந்தோஸின் மகன் அவர். தந்தை அடைப்பைப் படம் பிடித்தார், மகன் அதை எடுத்தார். ரத்தக்குழாயின் உள்ளுறை உரிந்துபோனால் ரத்தம் உடனே உறைந்து குழாய் மூடிவிடும் என்பதே அன்றைய நம்பிக்கை. அவரோ தடித்த உள்ளுறையையும் சேர்த்து உரித்தார், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கொடுத்தார், குழாய் திறந்தே இருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1948இல், பாரிஸில் ஷான் கூன்லான் நோயாளியின் காலிலிருந்தே நீளமான ஒரு சிரையை எடுத்து, வால்வுகள் வழிவிடும்படி தலைகீழாகத் திருப்பி, தொடையிலிருந்து அடைப்புக்குக் கீழேவரை தைத்தார். இன்றுவரை முழங்காலுக்குக் கீழே போடும் பைபாஸுக்குச் சொந்தச் சிரைக்கு இணையான செயற்கைக் குழாய் எதுவும் வரவில்லை.

கம்பியின் கதை அமெரிக்காவின் போர்ட்லாண்டில் தொடங்குகிறது. சார்லஸ் டாட்டர் அங்கே கதிரியக்க மருத்துவர். ஒரு முறை அறுவை மருத்துவர் ஒருவர் அவருக்கு அனுப்பிய பரிசோதனைச் சீட்டில், படம் மட்டும் எடுங்கள், சரிசெய்ய முயல வேண்டாம் என்று எழுதியிருந்தார். இரு துறைகளின் உறவு அன்று எப்படி இருந்தது என்பதற்கு அந்தச் சீட்டு ஒன்றே போதும். 1964 ஜனவரி 16 அன்று 82 வயது மூதாட்டி ஒருவர் டாட்டரிடம் வந்தார். விரல்கள் அழுகியிருந்தன. காலை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. தொடைத் தமனியில் குட்டையான ஒரு குறுக்கம். டாட்டர் வயரைச் செலுத்தி, அதன்மேல் ஒன்றைவிட ஒன்று பருத்த டெஃப்லான் குழாய்களை ஏற்றி, குறுக்கத்தை விரித்தார். பாதம் சூடேறியது, புண் ஆறியது. அந்த அம்மையார் சாகும்வரை, இரண்டரை ஆண்டு காலம், தன் இரு கால்களால் நடந்தார். சொந்த நாட்டில் டாட்டருக்குக் கிடைத்த பெயர் ‘கிறுக்கு சார்லி’. ஐரோப்பியர்கள்தான் அந்த முறையைக் கையில் எடுத்தார்கள். 1974இல் சூரிக்கில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் அதற்குப் பலூனைப் பொருத்தினார். முதலில் காலில்தான். இதயத்துக்குப் போனது 1977இல். இதய ஆஞ்சியோபிளாஸ்டி இன்று ஊரறிந்த சொல். அதன் தாய்வீடு கால் என்பது மருத்துவ மாணவர்களில்கூடப் பலருக்குத் தெரிவதில்லை.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 1973இல் வந்த ஒரு சின்னக் கட்டுரை. அதே போர்ட்லாண்ட். எழுதியவர்களில் முதல் பெயர் ஜான் போர்ட்டர், ரத்தநாள அறுவை மருத்துவர். கூடவே டாட்டரின் பெயரும் இருக்கிறது. பொருள் இதுதான்: ஒரு பக்க இடுப்புத் தமனி முழுக்க அடைத்துவிட்டது. மறுபக்கத்தது குறுகியிருக்கிறது, ஆனால் மூடவில்லை. வயிற்றைத் திறந்து பெருந்தமனியிலிருந்து இரு காலுக்கும் குழாய் போடுவது பெரிய அறுவை, முதியவர் தாங்கமாட்டார். ஆகவே குறுகிய பக்கத்தைக் கம்பி வழியாக விரித்துவிட்டு, அந்தத் தொடையிலிருந்து மறு தொடைக்குத் தோலடியில் குறுக்காக ஒரு குழாயைத் தைத்தார்கள். விரிப்பது தனியாக இரு காலையும் காப்பாற்றாது. தைப்பதும் தனியாகக் காப்பாற்றாது, கொடுக்கிற பக்கத்திலேயே ரத்தம் போதாது. இரண்டும் சேர்ந்தபோது வேலை முடிந்தது. இன்று ஹைப்ரிட் என்று மாநாடுகளில் புதுமையாகப் பேசப்படுவதன் கரு அந்தக் கட்டுரையில் இருக்கிறது. சண்டைக்காரர்கள் ஒரே ஊரில், ஒரே மருத்துவமனையில் இருந்ததால் அது சாத்தியமாயிற்று என்று நினைக்கிறேன்.

இனி தொடையிடுக்குக்கு வருவோம். முழு விஷயமும் அங்கேதான் சுற்றுகிறது. இடுப்பிலிருந்து வரும் தமனி தொடையிடுக்கில் பொதுத் தொடைத் தமனியாகி, அங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று முழங்காலை நோக்கி நேராக இறங்குகிறது. மற்றது தொடைச் சதைக்குள் புகும் ஆழ்தொடைத் தமனி. நேராக இறங்குவது முற்றிலும் மூடிவிட்டாலும் ஆழ்தொடைத் தமனி நன்றாக இருந்தால் அதன் கிளைகள் முழங்காலைச் சுற்றிக்கொண்டு போய்ப் பாதத்துக்கு ஓரளவு ரத்தம் சேர்த்துவிடும். எத்தனையோ கால்கள் அந்தக் கிளைகளின் தயவில்தான் பிழைத்திருக்கின்றன. இந்தப் பிரிவில் படியும் படிவு பெரும்பாலும் கல்லாக இருக்கும். பலூன் விரித்தால் விரிசல் விடும், வழிவிடாது. ஸ்டென்ட் வைத்தால், உட்காரும்போதெல்லாம் மடங்கும் இடம் என்பதால் அது நசுங்கவோ உடையவோ வாய்ப்புண்டு. ஆழ்தொடைத் தமனியின் வாயும் மறைந்துபோகலாம். நாளைக்கு பைபாஸ் போட வேண்டி வந்தால் தைக்க இடம் இருக்காது. மாறாக, அங்கே கத்தி வைப்பது எளிது. தமனி தோலுக்கு அருகிலேயே இருக்கிறது. வயிற்றையோ மார்பையோ திறக்க வேண்டியதில்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தாலே போதும்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸில் 117 நோயாளிகளிடம் நடந்த டெக்கோ ஆய்வு 2017இல் வெளிவந்தது. தொடையிடுக்கில் அறுவை செய்தவர்களில் 26 சதவீதம் பேருக்கு முதல் மாதத்தில் ஏதாவது சிக்கல் வந்தது. ஸ்டென்ட் வைத்தவர்களில் 12.5 சதவீதம் பேருக்குத்தான். அறுவையின் சிக்கல்களில் பல புண் சம்பந்தப்பட்டவை. தொடையிடுக்குப் புண் ஆறாமல் படுத்துவதும், நிணநீர் கசிவதும், சீழ் பிடிப்பதும் நாங்கள் எல்லோரும் பார்த்ததுதான். ஆகவே அங்கே ஸ்டென்ட்டே கூடாது என்று நான் சட்டம் போடமாட்டேன். ஆனால் அடைப்பு ஆழ்தொடைத் தமனியின் வாய்வரை போயிருந்தால், நோயாளிக்குத் தெம்பும் இருந்தால், கத்தியைத்தான் எடுப்பேன்.

அப்படியானால் மேலே இடுப்பில் இருக்கும் குறுக்கத்தை என்ன செய்வது? அங்கே கத்தி போவதென்றால் வயிற்றைத் திறக்க வேண்டும். அது கம்பியின் இடம். இடுப்புத் தமனி அகலமானது, அதிகம் மடங்காது, ஸ்டென்ட் அங்கே நீண்ட காலம் நிற்கும். முழங்காலுக்குக் கீழேயோ குழாய்கள் மூன்று மி.மீ. அகலம்கூட இல்லாதவை, அங்கும் பல நேரம் கம்பிதான் முதலில் போகும். ஆக மேலே கம்பி, நடுவில் கத்தி, கீழே மறுபடி கம்பி.

இதையெல்லாம் ஏன் ஒரே நாளில் செய்ய வேண்டும், இன்று ஸ்டென்ட், அடுத்த மாதம் அறுவை என்று வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மடையைத் திறந்துவிட்டு வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டால் என்ன ஆகும் என்று டெல்டா விவசாயியைக் கேட்டால் சொல்வார். இடுப்பில் ஸ்டென்ட் வைத்துவிட்டு, தொடையிடுக்கு அடைப்பை அப்படியே விட்டால், ரத்தம் வெளியேற வழியின்றித் தேங்கி, ஸ்டென்ட்டுக்குள்ளேயே உறையும். தொடையிடுக்கைச் சுத்தம் செய்துவிட்டு மேலே குறுக்கத்தை விட்டால், வரும் ரத்தத்துக்கு வேகம் இல்லாமல் தைத்த இடம் மூடும். ஒரு பாதி வேலை மறு பாதியை நம்பி நிற்கிறது. ஒரே மயக்கம், ஒரே அனுமதி, ஒரே பில் என்பவையும் நோயாளியின் குடும்பத்துக்குச் சின்ன விஷயங்கள் அல்ல.

மேசையில் நடப்பதைச் சொல்கிறேன். தொடையிடுக்கில் கீறி, பொதுத் தொடைத் தமனியையும் அதன் இரு கிளைகளையும் தனித்தனியாகப் பிரித்து, நாடா போட்டுப் பிடித்துக்கொள்வோம். ஹெப்பாரின் கொடுப்போம். இங்கே பழகியவர்கள் ஒன்று செய்வார்கள்: தமனியைத் திறக்கும் முன்பே, வெளியே தெரியும் சுவரில் ஊசி குத்தி, வயரை மேல்நோக்கி அனுப்பி இடுப்பு அடைப்பைத் தாண்ட வைத்துவிடுவார்கள். திறந்த பிறகு தாண்ட முயன்றால் ரத்தம் ஓடாத குழாயில் திரையில் எதுவும் தெரியாது. தாண்டவே முடியவில்லை என்றாலும் நல்லது. எதையும் வெட்டாத நிலையில் திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம். வயர் மேலே நிற்க, தமனியை நீளவாக்கில் திறந்து, படிவைச் சுவரிலிருந்து மெல்ல நெம்பி உரிப்போம். முழுதாக வந்தால் தமனியின் அச்சாகவே ஒரு வார்ப்பு கையில் கிடைக்கும். கீழ் முனையில் உள்ளுறை நுனி தூக்கி நின்றால் ரத்தம் அதற்கடியில் புகுந்து மடிப்பாகி அடைத்துவிடும். ஆகவே அதை நுண்ணிய தையலால் சுவரோடு பிடித்துவைப்போம். பிறகு மாட்டின் இதய உறையிலிருந்து பதப்படுத்திய ஒட்டையோ, நோயாளியின் சிரைத் துண்டையோ வைத்துத் தைத்து, தமனியை அகலமாக மூடுவோம். அந்த ஒட்டின் வழியாகவே, கருவிகள் போய்வரும் உறைக்குழாயைச் செலுத்தி மேலே ஸ்டென்ட் வைப்போம். உடைந்த துகள்கள் காலுக்குப் போகாதபடி முதலில் கழுவி வெளியேற்றுவோம். அதே ஒட்டின் வழியாகத் திரும்பிக் கீழே போய், தொடையிலோ கெண்டையிலோ உள்ள அடைப்பைப் பலூனால் விரிப்போம். முடிந்ததும் பாதம்வரை ஒரு படம். சிறுநீரகம் பழுதான நோயாளிகள் இவர்களில் ஏராளம் என்பதால் சாயத்தைச் சிக்கனமாகக் கொடுக்க வேண்டும். சில இடங்களில் சாயத்துக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்திப் படமெடுக்கிறார்கள்.

சேர்க்கைகள் இன்னும் உண்டு. காலின் நீளச் சிரையை இதய பைபாஸுக்காக ஏற்கெனவே எடுத்துவிட்டவரிடம் ஒரு சாண் சிரைதான் மிஞ்சியிருக்கும். தொடையிலிருந்து கணுக்கால்வரை அது எட்டாது. தொடைத் தமனியைக் கம்பியால் திறந்துவிட்டு, முழங்காலுக்குப் பின்னாலிருந்து கணுக்காலுக்கு அந்தச் சாண் சிரையால் பாலம் போடலாம். திடீரென்று உறைகட்டி வந்து கால் ஜில்லிட்டவருக்கு, 1963இல் தாமஸ் ஃபோகார்ட்டி அறிவித்த பலூன் குழாயால் கட்டியை இழுத்தெடுத்த பிறகு படம் எடுத்துப் பார்த்தால், கட்டிக்கு அடியில் பழைய குறுக்கம் ஒளிந்திருக்கும். அதையும் அப்போதே விரித்துவிடுவது பெயர் சூட்டாமலேயே பலர் செய்துவந்த கூட்டுச் சிகிச்சை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2022இல், பைபாஸையும் கம்பியையும் ஒப்பிட்ட பெஸ்ட்-சி.எல்.ஐ. ஆய்வின் முடிவுகள் வந்தன. 1,830 நோயாளிகள். நல்ல நீளச் சிரை உள்ளவர்களில் மரணமோ காலுக்குப் பெரிய பாதிப்போ ஏற்பட்டது பைபாஸ் பக்கம் 42.6 சதவீதம், கம்பிப் பக்கம் 57.4 சதவீதம். அறுவை மருத்துவர்கள் கொண்டாடினார்கள். அடுத்த ஆண்டே பிரிட்டன் நடத்திய பாசில்-2 வந்தது. 345 நோயாளிகள், முழங்காலுக்குக் கீழே சிகிச்சை தேவைப்பட்டவர்கள். பெரிய உறுப்பு நீக்கமோ மரணமோ நேர்ந்தது சிரை பைபாஸ் பக்கம் 63 சதவீதம், கம்பிப் பக்கம் 53 சதவீதம். இப்போது கொண்டாட்டம் அந்தப் பக்கம். இரண்டுமே நேர்மையான ஆய்வுகள். முடிவு நேரெதிராக இருப்பதற்குக் காரணம், நோயாளிகள் வேறு, அடைப்பு இருந்த மட்டம் வேறு, செய்த கைகளும் வேறு. ‘இதுவா, அதுவா’ என்று சீட்டுப் போட்டுப் பிரிக்கும் ஆய்வு, ‘இதுவும் அதுவும்’ தேவைப்படும் நோயாளிக்கு நேரடியாகப் பதில் சொல்லாது. கூட்டுச் சிகிச்சைக்கு ஆதாரமாக நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் மருத்துவமனைப் பதிவேடுகளைத் திரும்பிப் பார்த்து எழுதியவைதாம். அதை ஒத்துக்கொண்டுதான் நான் வாதிடுகிறேன். 2019இல் வந்த உலக ரத்தநாள வழிகாட்டி, பொதுத் தொடைத் தமனியையும் இடுப்புத் தமனியோடு சேர்த்து, ரத்தம் ‘உள்ளே வரும் வழி’ என்றே வகைப்படுத்தி, முதலில் அதைச் சரிசெய்யச் சொல்கிறது. அது எங்கள் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

எல்லோருக்கும் இதைச் செய்துவிடவும் கூடாது. இடுப்பில் ஓட்டம் நன்றாக இருந்து, தொடை முழுக்க அடைத்து, காலில் நல்ல சிரையும் உடம்பில் தெம்பும் உள்ளவருக்கு நேரான சிரை பைபாஸ் போதும். கம்பிமேல் ஆசைப்பட்டு விலையுயர்ந்த பலூன்களைச் செலவழிப்பது வீண். இளவயதில் பீடியால் வரும் பர்கர் நோய் வேறு சாதி. அங்கே அடைப்பது சிறு குழாய்கள், எங்கள் கைவரிசைக்கு அதில் இடம் குறைவு, பீடியை விடுவதே பெரிய சிகிச்சை. பாதத்தில் சீழ் இருந்தால் படம், திட்டம் என்று நாள் கடத்தாமல் அன்றே வடித்துவிட வேண்டும். ரத்த ஓட்டம் அதற்கு அடுத்தது. படுத்த படுக்கையாகி முழங்கால் மடங்கி இறுகிவிட்டவருக்கு, பாதமே சிதைந்துபோனவருக்கு, உரிய நேரத்தில் காலை எடுத்துவிடுவதுதான் கருணை. அதைத் தோல்வி என்று எண்ணி மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் மருத்துவர்களை எனக்குத் தெரியும்.

இதற்குக் கோடிகளில் கட்டிய தியேட்டர் வேண்டுமா? கூரையில் தொங்கும் எக்ஸ்ரே கருவியோடு கூடிய ஹைப்ரிட் தியேட்டர் இருந்தால் வசதிதான். எலும்பு முறிவுக்குப் பயன்படும் சாதாரண சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவி போதாது. எலும்பின் நிழலை நீக்கி ரத்தக்குழாயை மட்டும் காட்டும் வசதி அதில் வேண்டும், நீண்ட நேரம் ஓடினாலும் சூடாகி நின்றுவிடக் கூடாது. அத்தகைய நகரும் கருவி ஒன்று, எக்ஸ்ரே ஊடுருவும் கார்பன் மேசை ஒன்று, எல்லோருக்கும் ஈய உடை. இவ்வளவு இருந்தாலே பெரும்பாலான நோயாளிகளுக்குச் செய்துவிடலாம். இயந்திரத்தைவிட அரிதானது, அறுவை மருத்துவரும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்டும் ஒருவர் தியேட்டருக்கு மற்றவர் அழைக்காமலே வரும் பழக்கம். இப்போது பயிற்சி பெறும் ரத்தநாள அறுவை மருத்துவர்கள் கத்தி, கம்பி இரண்டையும் கற்கிறார்கள். நல்லதுதான். ஆனால் திறந்த அறுவைகள் குறையக் குறைய, படிவை உரிக்கத் தெரிந்த கைகளும் குறைகின்றன. கம்பி மட்டுமே தெரிந்தவர் செய்யும் ஹைப்ரிட், தொடையிடுக்கில்தான் தடுமாறும்.

கடைசியாக, எல்லாக் குடும்பமும் கேட்கும் கேள்வி: “இது எத்தனை வருஷம் தாங்கும் டாக்டர்?” இடுப்பு ஸ்டென்ட்டும் தொடையிடுக்கு ஒட்டும் பல ஆண்டுகள் தாங்கும். முழங்காலுக்குக் கீழே விரித்த குழாய் பலருக்குச் சில மாதங்களிலேயே மறுபடி குறுகும். மருந்தும் ஓரளவு உதவும்: ரத்த ஓட்டத்தைச் சீராக்கிய பின் ஆஸ்பிரினோடு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ரிவராக்சபான் 2.5 மி.கி. தினம் இரண்டு வேளை சேர்த்துக் கொடுப்பதை 6,564 நோயாளிகளிடம் பார்த்த வாயேஜர் ஆய்வில், 2020இல், மோசமான நிகழ்வுகள் 19.9 சதவீதத்திலிருந்து 17.3 ஆகக் குறைந்தன. அற்புதம் இல்லை, ஆனால் பயன் உண்டு. குடும்பத்துக்கு நான் சொல்லும் பதிலோ வேறு. திறந்து கிடக்கும் புண் ஆறுவதற்குத்தான் நிறைய ரத்தம் வேண்டும். ஆறி மூடிய பாதம் அதைவிடக் குறைந்த ரத்தத்தில் உயிரோடிருக்கும். ஆகவே கெண்டைக்காலில் விரித்த குழாய் ஆறு மாதம் கழித்து அடைத்துக்கொண்டாலும், அதற்குள் புண் முழுக்க ஆறியிருந்தால், பல நேரம் கால் நிலைத்துவிடும்.